மைக்செட் அக்காவின் திரையறை

"டாக்டர், கேக்குதா? கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லுங்க" என்று ஒலிவாங்கியில் பேசிக்கொண்டே, முழங்கையில் வயரைச் சுற்றியபடி சுவரோரமாக நடக்கிறார் மைக்செட் அக்கா. திரையில் இருக்கும் டாக்டரம்மா சிரிக்கிறார். கேட்காதவர் எப்படிப் பதில் சொல்வார் என்று நாங்கள் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டோம். "பதில் வரலன்னா எனக்கு விஷயம் தெரிஞ்சிடுமில்ல?" என்பார்.

நான் மொழிப்பாடம் நடத்தும் இந்தப் பள்ளிக்கு முன்னால் பஸ் திரும்பிப் போய்விடும். அதற்கு மேல் சாலை கிடையாது. கணக்குக்கும் அறிவியலுக்கும் வந்த ஆசிரியர்களும் அந்தப் பஸ்ஸைப் போலவே திரும்பிப் போனார்கள். இப்போது இரண்டு பாடங்களும் நகரத்திலிருந்து திரையில் வருகின்றன. வாரத்தில் இரண்டு நாள், பாடம் முடிந்ததும் அதே திரையில் டாக்டரம்மா வருவார். உடைந்த பெஞ்சுகளை அடைத்து வைத்திருந்த அறையைத்தான் இதற்காக ஒழித்துக் கொடுத்தார்கள். அதற்குப் பொறுப்பு அக்கா.

அவரும் கணவரும் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர்கள். "அவர் பெட்டியத் தூக்குவாரு, நான் சத்தத்தைப் பாத்துக்குவேன்." வேலை கேட்டு வந்த அன்று, கோளாறு வந்தால் என்ன செய்வாய் என்று தலைமையாசிரியை கேட்டிருக்கிறார். "வயரைப் பிடிச்சிக்கிட்டே போவேன் டீச்சர். எங்கயாவது ஒரு எடத்துல லூஸ் கனெக்‌ஷன் இருக்கும்." வேலை கிடைத்துவிட்டது. உலகத்தில் எல்லாச் சிக்கலுக்கும் லூஸ் கனெக்‌ஷன்தான் காரணம் என்பது அவருடைய தீர்மானமான கருத்து. புருஷன் பெண்டாட்டி சண்டையும் இதில் அடக்கம்.

கணக்கு சாருக்கு வாய் வேகம் அதிகம். பிள்ளைகள் பின்தங்கினால் அக்கா குறுக்கிட்டு, "சார், கொஞ்சம் தண்ணி குடிங்க" என்பார். முதல் வாரம் அவர் நிஜமாகவே குடித்தார். இப்போது அர்த்தம் புரிந்துகொண்டு, பலகையில் எழுதியதை முதலிலிருந்து ஒரு தரம் விளக்கிவிட்டுப் போகிறார். வகுப்பே சேர்ந்து "புரிஞ்சுது சார்" என்று கத்தினால் அக்காவுக்குப் பிடிக்காது. "கோரஸ் வேணாம். யாராச்சும் ஒருத்தர் தனியாக் குரல் குடுங்க" என்று, இருப்பதிலேயே மெல்லிய குரல் உள்ள பிள்ளையிடம் ஒலிவாங்கியை நீட்டுவார். கரண்ட் போனாலும் பாடம் நிற்காது. மைக்செட் பேட்டரிகள் மேசைக்கு அடியில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன.

டாக்டரம்மா வரும் நாளில் அக்கா வேறு ஆள். திரையோடு வயரில் இணைத்த ஸ்டெதாஸ்கோப்பின் முனையை அவர் பிள்ளையின் நெஞ்சில் வைக்க, சத்தம் நகரத்தில் இருக்கும் டாக்டரின் காதுக்குப் போகும். என்ன நோய் என்று பெற்றோர் கேட்டால் வாயைத் திறக்கமாட்டார். "இங்க இருக்கறதை அங்க சேக்கறது என் வேலை. நோவு என்னன்னு அவங்க சொல்லட்டும்."

ஏழாம் வகுப்பில் சிட்டு என்று ஒரு பெண். பேருக்கேற்ற சிறிய உருவம். ஒரு இடத்தில் நிற்கமாட்டாள். பரிசோதனை நாளில் டாக்டரம்மா அவளிடம் மட்டும் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். "இன்னொரு தடவை வைங்க. கொஞ்சம் இடது பக்கம்." பிறகு அப்பாவை வரச்சொன்னார். இதயத்தில் ஓட்டை இருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்க வேண்டும், ஆபரேஷனும் தேவைப்படலாம்.

அப்பா கல் லாரி ஓட்டுகிறவர். சாவியை விரலில் மாட்டியபடி வாசலிலேயே நின்றார். "ஓடுறா, ஆடுறா, சண்டை போடுறா. இதுல என்ன நோவு? டிவில தெரியற ஆளு சொன்னா நம்பி நெஞ்சைக் கிழிக்கக் குடுக்கணுமா?" பிறகு குரல் இறங்கி, "எங்கம்மா அந்த ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனாங்க. தூக்கிட்டுதான் வந்தோம்" என்றார். திரையில் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். அப்பா சாவியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அக்கா வாதாடவில்லை. "அண்ணே, நாளைக்கும் டாக்டர் இருப்பாங்க. ஒரு தடவை வந்துட்டுப் போங்க. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்" என்றார்.

மறுநாள் அப்பா வந்தபோது அறையில் அக்காவின் வீட்டுப் பெரிய ஸ்பீக்கர் நின்றுகொண்டிருந்தது. நெஞ்சுச் சத்தம் அடித்தொண்டைச் சத்தம் மாதிரித் தாழ்ந்தது, திரையோடு வந்த சின்ன ஸ்பீக்கரில் எடுபடாது என்று டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் கொண்டுவந்திருந்தார். எட்டிப்பார்த்த பிள்ளைகளை விரட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். துணைக்கு என்னை மட்டும் இருக்கச் சொன்னார். சிட்டுவிடம், "உன் நெஞ்சுச் சத்தத்தை உங்கப்பா கேக்கட்டுமா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள்.

"மொதல்ல நீங்க வாங்கண்ணே." அவர் கூச்சத்தோடு சட்டைப் பொத்தானைக் கழற்றினார். லப்டப், லப்டப் என்று அவருடைய இதயம் அறை முழுக்க ஒலித்தது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "லாரி என்ஜின் மாதிரி இருக்கு."

"நல்ல கண்டிஷன்ல இருக்கு" என்றார் டாக்டரம்மா.

பிறகு சிட்டு. லப்புக்கும் டப்புக்கும் நடுவே காற்று இறங்கும் டயர் மாதிரி ஒரு ஸ்ஸ். மறுபடியும் ஸ்ஸ். ஒவ்வொரு துடிப்பிலும் அது வந்தது. அப்பாவின் சிரிப்பு முகத்திலேயே நின்று, பிறகு போயிற்று. "இது... எப்பவும் இருக்கா?"

"அவ தூங்கறப்பவும்" என்றார் டாக்டரம்மா.

அப்பா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார். எழுந்தபோது, "எப்பக் கூட்டிட்டுப் போகணும்?" என்றுதான் கேட்டார்.

ஓட்டை இருந்தது. அடைத்துவிட்டார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்ததாக அப்பா போன் செய்தபோது அக்கா ஏணிமேல் நின்று வயர் இழுத்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்து, கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். என்னக்கா என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல டீச்சர். காலு கொஞ்சம் லூஸ் கனெக்‌ஷன்."

தையல் ஆறும்வரை சிட்டு ஆஸ்பத்திரியில் இருந்தாள். பாடம் போகிறதே என்று அங்கிருந்து புலம்பியிருக்கிறாள். நர்ஸிடம் அனுமதி வாங்கி, அப்பாவின் போன் வழியாக அக்கா அவளையும் வகுப்பில் இணைத்தார். திரையின் ஒரு பாதியில் கணக்கு சார், மறு பாதியில் தலையணையில் சாய்ந்த சிட்டு. முதல் நாள் வகுப்பே கையசைத்தது. பின்னக் கணக்கு ஒன்றுக்கு அவள் சொன்ன விடை தப்பு, சார் திருத்தினார். அதில் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

பாடம் பாதியில் இருக்கும்போது சிட்டுவின் கண்கள் மூடிக்கொண்டன. தலை தலையணையில் ஒருபக்கமாகச் சரிந்தது. கணக்கு சார் பேச்சை நிறுத்திவிட்டு, "தூங்கிட்டாளா?" என்றார்.

"நீங்க நடத்துங்க சார்" என்றார் அக்கா. பிறகு மேசைக்குக் குனிந்து, ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் சத்தத்தை மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக, அவள் விழித்துவிடாதபடி குறைத்தார்.