மிஷின் நின்ற மத்தியானம்

எனக்கு எழுபத்திரண்டு வயசு. பெற்றது நாலு, வளர்த்தது அஞ்சு. கொழுந்தனார் மகள் தாயில்லாமல் வந்தாள், அவளையும் என் பிள்ளைகளோடு உட்காரவைத்துச் சோறு போட்டு, கட்டிக் கொடுத்தேன். எல்லாம் தாராவியில் இந்த ஒரே அறையில், விடியுமுன் இட்லி அவித்து. ஒத்தாசை என்று யார் வாசலிலும் போய் நின்றதில்லை. நின்றது ஒரே ஒரு வாசலில். அதைத்தான் எழுதுகிறேன்.

மூணாவது மகன் பட்டாளத்துக்குப் போனான். லாரி ஓட்டுகிற வேலை இல்லை, துப்பாக்கி தூக்கி நடக்கிற வேலை. கடைசி வருஷங்களில் அவனைக் காட்டுக்கு அனுப்பினார்கள். எந்தக் காடு என்று அவனும் சொன்னதில்லை, நானும் தோண்டவில்லை. அப்புறம் பென்ஷனோடு வீட்டுக்கு வந்தான்.

வந்தவனுக்குக் குரல் எழும்பவில்லை. உப்பு வேண்டும் என்றால்கூடக் கையால் சைகை. தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டான், வாசனை சோப்புப் போட மாட்டான். ராத்திரி படுக்காமல் சுவரில் முதுகைச் சாத்திக் கதவைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். மத்தியானம்தான் கொஞ்சம் கண் அசருவான். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, நல்லாத் தூங்க வையுங்கள் என்றார்கள்.

மருமகளின் அண்ணன் விக்ரோலியில் இருந்து வந்து பார்த்தான்.

"தங்கச்சியும் பிள்ளையும் கொஞ்ச நாள் எங்க வீட்ல இருக்கட்டுமே அத்தை."

"ஏன், இங்க புலியவா கட்டிப் போட்டிருக்கோம்?" என்று கேட்டு அனுப்பிவிட்டேன். வாய்தான் அப்படிக் கேட்டது. பெண்டாட்டியும் பிள்ளையும் போய்விட்டால் அவன் அந்தச் சுவரை விட்டு எழுந்திருக்கவே மாட்டான் என்று உள்ளுக்குள் பயம். எப்படியாவது தூங்க வைக்கணும் என்பதே நினைப்பாக இருந்தது.

எங்களுக்கு மேல் மாடி பாயுடைய கார்கானா. வரிசையாகத் தையல் மிஷின்கள். ஓட ஆரம்பித்தால் கீழே எங்கள் அலமாரியில் டம்ளர் நடுங்கும். இந்தச் சத்தத்தில் எந்த மனுஷன் தூங்குவான்? இரும்பு ஏணியைப் பிடித்து ஏறினேன். பாய் பதறிப்போய் எழுந்துவிட்டார்.

"என்னக்கா ஏணியில ஏறிக்கிட்டு! கீழ நின்னு ஒரு சத்தம் போட்டா நான் வரமாட்டனா?"

"கீழ நின்னு கத்துனா உமக்குக் கேக்கவா போகுது? அதைச் சொல்லத்தான் ஏறி வந்தேன்."

சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்தினார். பீஸுக்குக் கூலி வாங்குகிற ஆட்கள், ஒரு மணி நேரம் நின்றால் அவர்களுக்கு நஷ்டம். ஆனாலும், "பட்டாளத்துப் பிள்ளைக்குத்தானே. மத்தியானம் நிறுத்திக்கிடுதோம்க்கா" என்றார். ஏதோ பெரிய காரியம் சாதித்த மாதிரி இறங்கி வந்தேன்.

அன்று மத்தியானம் அவன் கண் அசந்திருந்தான். பேத்திக்கு அப்போது ஏழு வயசு. பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தாள். மேலே மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. இந்தச் சந்துக்கு வாக்கப்பட்டு வந்ததிலிருந்து அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை.

அவன் கண் திறந்தது. ஒரு சத்தம் இல்லை. எழுந்ததும் தெரியவில்லை, பிள்ளையைத் தூக்கினதும் தெரியவில்லை. பார்த்தால் தண்ணி டிரம்முக்குப் பின்னால் குறுகி உட்கார்ந்து அவள் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறான். மருமகள் அலறிய பிறகுதான் விட்டான். பிள்ளை கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. மருமகள் பையை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை. என்ன சொல்லித் தடுப்பேன்?

அவன் போய்ச் சந்து முனையில் குழாயடியில் உட்கார்ந்திருந்தான். டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஏலே, பெத்த பிள்ளைய என்ன செய்யப் பாத்த?"

"காப்பாத்தப் பாத்தேம்மா." வந்ததிலிருந்து அன்றுதான் வாய் திறந்தான்.

"யார்ட்ட இருந்து?"

டீயைக் குடிக்காமல் கீழே வைத்தான். "மேல மிஷின் ஏன் நின்னுச்சு?" என்றான்.

"நான்தான் நிறுத்தச் சொன்னேன். நீ தூங்கணும்னு."

என்னையே பார்த்தான். அப்புறம் சிரித்தான், கண்ணில் தண்ணி வருகிற மாதிரி. "யம்மா, அது ஓடுறதாலதான் நான் தூங்குதேன்."

அப்போதுதான் சொன்னான். காட்டில் எண்ணெய், சோப்பு வாசனையே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுமாம். அங்கே பூச்சி கத்திக்கொண்டே இருக்குமாம், அச்சு அசல் பாய் வீட்டு மிஷின் மாதிரி. அது கத்துகிற வரைக்கும் பயமில்லை. ஆள் நடமாடினால் நின்றுவிடும். "ஒரு நாள் நின்னுச்சும்மா. முன்னால போனவன் கவனிக்கல. ஊர்ல பிள்ள பிறந்திருக்குன்னு மெதுவாச் சொல்லிக்கிட்டே போனான். வாயப் பொத்தக் கைய நீட்டுனேன். எட்டல."

டீ ஆறிப்போனது. அந்தக் கை இன்னும் நீட்டினபடியே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்ப ஏணி ஏறினேன்.

"என்னக்கா இது, காலையில நிறுத்துங்கிய, சாயங்காலம் ஓட்டுங்கிய!"

"ஓட்டும் பாய். என் டம்ளர் உருண்டு விழுந்தாலும் பரவாயில்ல, ஓட்டும்."

மருமகளுக்கும் பேத்திக்கும் காட்டில் நடந்ததைச் சொன்னேன். பேத்தி ஒன்றுதான் கேட்டாள்: "பூச்சி கத்துனா அப்பாக்கு பயம் இல்லையா ஆச்சி?" ஆனாலும் அவன் பக்கம் போகவில்லை.

மறுநாள் மருமகளின் அண்ணன் விக்ரோலியில் இருந்து அவர்களைக் கூட்டிப்போக வந்துவிட்டான். பை வாசலில் இருந்தது. வந்தவன் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய் மேலே எல்லா மிஷினும் ஒரே அடியாக நின்றது. தண்ணி டிரம் பக்கம் உட்கார்ந்திருந்த என் மகனுடைய கை அதன் விளிம்பை இறுக்கிப் பிடித்தது. மருமகள் மடியில் இருந்த பேத்தி நாக்கைச் சுழற்றி, "ட்ர்ர்ர்ர்" என்று ஆரம்பித்தாள். மாமன்காரன் ஒன்றும் புரியாமல் விழித்தான். அவள் நிறுத்தவில்லை. மூச்சு வாங்கி வாங்கி, எச்சில் தெறிக்க, கரண்ட் வருகிற வரைக்கும். எப்போது மடியை விட்டு இறங்கி அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள் என்று நான் பார்க்கவில்லை. பார்த்தபோது டிரம்மைப் பிடித்த கை அவள் தலைமேல் இருந்தது. மருமகள் எழுந்து பையை உள்ளே எடுத்து வைத்தாள்.

குணமாகிவிட்டது என்று எழுத மாட்டேன். இன்னும் தலைக்கு எண்ணெய் கிடையாது. பெருநாளுக்குக் கார்கானா மூடினால் நான் வெறும் கிரைண்டரை ஓடவிடுகிறேன். அது ஓட ஓட அவன் தூங்குகிறான். இதையெல்லாம் எழுதட்டுமா என்று அவனிடம் கேட்டேன். "எழுதும்மா" என்றான், வாயால்.

ஏட்டி, இங்க வா. அப்பா பக்கத்துல உக்காந்து முதல்ல இருந்து படி. தமிழ எழுத்துக் கூட்டித்தான் படிப்ப, தெரியும், நானும் கூட்டித்தான் எழுதியிருக்கேன். மனசுக்குள்ள படிக்காத. கரண்ட் போயிருக்கு. சத்தமாப் படி.