சேலஞ்சருக்கு வைத்த பொட்டு

மின்விசிறியை நிறுத்த வேண்டும். சன்னலைச் சாத்த வேண்டும். யாரும் விளக்குமாற்றைத் தொடக் கூடாது. தும்மல் வந்தால் வாசலுக்கு ஓடிவிட வேண்டும். கோகிலவாணி வண்டிக்குப் பெயின்ட் அடிக்க உட்கார்ந்தால் வீட்டில் இத்தனை சட்டமும் அமலுக்கு வந்துவிடும். கணவரின் பழைய முழுக்கைச் சட்டையை நைட்டிக்கு மேல் மாட்டி, தலைமுடியைப் பிளாஸ்டிக் உறைக்குள் சுருட்டித் திணித்துக்கொண்டு, வேர்த்துக் கொட்டக் கொட்ட அடித்துக்கொண்டிருப்பார். வண்டி என்றால் ஒரு சாண் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் கார். கடைசிப் பூச்சு முடிந்த கையோடு அதன்மேல் எவர்சில்வர் பேசின் ஒன்று கவிழ்ந்துவிடும். மாரண்டஹள்ளியில் தக்காளி வண்டிகள் கிளப்புகிற புழுதிக்குக் கதவு, சன்னல் என்கிற மரியாதையெல்லாம் கிடையாது.

"சோத்துல புழுதி உழுந்தா ஒதுக்கிட்டுத் தின்னுரலாம். இதுல உழுந்தா மறுக்கா உப்புத்தாளு போட்டுத் தேய்க்கணும்" என்பார்.

காரும் நம் ஊர்க் கார் இல்லை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அமெரிக்காவில் உறுமிக்கொண்டு ஓடிய கார்கள். நீண்ட மூக்கு, அகன்ற இடுப்பு, பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும் எட்டு சிலிண்டர் இன்ஜின். அவற்றை இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, நூற்றுச் சொச்சம் துண்டுகளாக்கிப் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். வெட்டி, அராவி, ஒட்டி, பெயின்ட் அடித்து முழுக் காராக ஆக்குவது வாங்குகிறவர் பாடு. மஸ்டாங், சார்ஜர், சேலஞ்சர் என்று பெயர்களை அவர் சொல்வதைக் கேட்டால் பக்கத்துத் தெருப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். இதுவரை முப்பத்தோரு கார் முடித்திருக்கிறார். வீட்டில் ஒன்றுகூட இல்லை.

கைப்பழக்கம் ஓசூரில் வந்தது. அங்கே ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் சர்க்யூட் போர்டில் பற்றவைத்தார். விடிவதற்கு முன்னே கம்பெனி பஸ், பொழுது சாயும்போது வீடு. ஒருநாள் கான்ட்ராக்ட் முடிந்தது என்றார்கள். மூக்குக்கண்ணாடியும், நடுங்காத விரலும்தான் கையோடு வந்தன. சாமணத்தால் கடுகைவிடச் சின்னத் துண்டை எடுத்து வைக்கும்போது அவர் மூச்சு விடுவதில்லை. வைத்த பிறகு விடுகிற மூச்சு அடுத்த அறை வரைக்கும் கேட்கும்.

இன்ஜினுக்குள் ஒயர் இழுப்பதுதான் அவருக்குப் பிடித்த வேலை. பெட்டியில் அது வராது. எரிந்துபோன மோட்டாரில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பியைப் பிரித்து, கறுப்புச் சாயம் ஏற்றி, எட்டு பிளக்குக்கும் தனித்தனியாக இழுப்பார். அதுவும் தோன்றினபடி இல்லை. "ஒண்ணு, எட்டு, நாலு, மூணு, ஆறு, அஞ்சு, ஏழு, ரெண்டு" என்று தீப்பொறி போகிற வரிசையைப் பாலக்கோடு பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே இழுப்பார். பானெட்டை மூடினால் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. "யாரும்மா பாக்கப் போறாங்க?" என்று மகள் ஜெயபிரியா கேட்டதற்கு, "நான் பாத்தன்ல" என்றார்.

இவ்வளவும் தெரிந்தவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கணவர் சென்னப்பன் வைத்திருக்கும் குட்டியானை மினி லாரி தினமும் ஓசூர் மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றிப் போகிறது. ஒரு தடவை கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டார். "நீ ஓட்டி எந்த ஊரு போவப்போற?" என்று சிரித்தார் சென்னப்பன். நல்ல மனிதர்தான். சிரித்துவிட்டு மறந்தும் போனார். கோகிலவாணி மறக்கவில்லை.

இன்னொரு சங்கதி அவருடைய இடது கட்டைவிரல் நகம். கலந்த பெயின்ட் சரியான நிறமா என்று முதலில் அதில் தொட்டுத்தான் பார்ப்பார். அதனால் அந்த ஒரு நகம் மட்டும் ஒரு வாரம் ஆரஞ்சு, ஒரு வாரம் கருநீலம். கல்யாண வீடுகளில் சொந்தக்காரப் பெண்கள், "ஒத்த வெரலுக்கு மட்டும் நெயில் பாலிசு போட்டுருக்கற, இது என்னா புது பேஷனு?" என்று கேட்பார்கள். நகத்தை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொள்வார். என்னவென்று சொல்வது? செய்கிற வேலையைச் சொன்னால், செய்த காரைக் காட்டு என்பார்கள். காட்டுவதற்குக் கார் பெங்களூரில் இருக்கிறது, பூவரசன் வீட்டுக் கண்ணாடி அலமாரியில்.

பூவரசன் சென்னப்பனின் தம்பி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. ஆறு வருடத்துக்கு முன் ஆசைப்பட்டு ஒரு கார்ப் பெட்டி வாங்கினான். கதவு இரண்டையும் கோணலாக ஒட்டி, கண்ணாடி முழுக்கப் பசையை ஈஷி, ஒரு பொங்கல் லீவில் இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். கோகிலவாணி அதைப் பிரித்தெடுத்து ஒழுங்காக முடித்துக் கொடுத்தார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து பெட்டிகள் ஓசூர் வரை வரும். அங்கிருந்து சென்னப்பனின் காலித் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே மாரண்டஹள்ளிக்கு வரும். கோகிலவாணி முடித்த கார்கள் அதே வண்டியில் போகும். பெயின்ட், பசையெல்லாம் குறைவில்லாமல் வாங்கித் தருவான். குறை சொல்லக் கூடாது.

போன கார்கள் என்ன ஆகின்றன என்பது இரண்டு வருடத்துக்கு முன்தான் தெரிந்தது. ஜெயபிரியா செல்போனில் காட்டினாள். பூவரசன் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் வைத்திருக்கிறான். அத்தனை காரும் அதில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கீழும், 'என் கைகளால் கட்டியது'. நாற்பதாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். ஒயர் வேலையைப் பார்த்துவிட்டு எந்த நாட்டுக்காரரோ, "உங்கள் பொறுமைக்கு வணக்கம்" என்று எழுதியிருந்தார். அதற்கு நன்றி சொல்லிக் கும்பிட்டிருந்தான், பொறுமைசாலி.

சென்னப்பனிடம் சொன்னார். "நம்ம வூட்டுப் பையன் பேருதான? ஊரான் பேரையா போட்டுட்டான்?" என்றார் அவர். ஆனால் கோகிலவாணிக்கு அது ஆறவில்லை. "போர்டு லைன்ல ஒவ்வொரு போர்டுலயும் என் நெம்பர ஒட்டுவாங்க. தப்பு வந்தா யாரு பண்ணதுன்னு தெரியணும்ல. அங்க தப்புக்காச்சும் எனக்கு ஒரு நெம்பரு இருந்துச்சி" என்று மகளிடம் சொன்னார்.

போன வருடம் பெங்களூரில் இந்த மாதிரிக் கார்களுக்கென்று ஒரு கண்காட்சி, போட்டியோடு. அதற்கு ஒரு வெள்ளை சேலஞ்சர் கேட்டான் பூவரசன். கோகிலவாணி முதல்முறையாக வாய்விட்டுக் கேட்டார். "காருக்குப் பக்கத்துல அட்டை வெப்பாங்களாமே தம்பி. அதுல ஒரே ஒரு தடவ என் பேரயும் போடு. சின்ன எழுத்துல போட்டாலும் செரி." பூவரசன் தலையை ஆட்டினான். "கண்டிப்பா போடறன் அண்ணி. இதுக்குப் போய் கேக்கணுமா?"

நான்கு மாதம் அந்த வெள்ளை சேலஞ்சரோடு கிடந்தார். வெள்ளை லேசில் படியாது. ஒன்பது பூச்சு. சீட் பெல்ட்டுக்கு ரிப்பன் நூல், தரைக்கு வெல்வெட் பொடி. எல்லாவற்றுக்கும் மேல் அடிக்க வேண்டிய கண்ணாடிப் பூச்சு ஒன்றுதான் பாக்கி. புரட்டாசி மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் அதை அடித்தால் பளபளப்பு போய்ப் புகை படிந்த மாதிரி பூத்துப்போகும். வெயிலுக்காகக் காத்திருந்தார். வெயிலுக்கு முன் ஆயுத பூஜை வந்தது. மறுநாள் கார் கிளம்பியாக வேண்டும்.

இந்தப் பக்கத்தில் பூஜை போடாமல் எந்த வண்டியும் முதல் பயணம் போகாது. டிராக்டரோ, டிவிஎஸ் ஐம்பதோ, எல்லாவற்றுக்கும் அதே சட்டம். வாசலில் குட்டியானைக்குச் சந்தனம் வைத்து வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார் சென்னப்பன். கோகிலவாணி உள்ளே போய்ப் பேசினைத் தூக்கினார். நான்கு மாதம் பெற்றுப்போட்ட பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டதை வெறும் நெற்றியோடு எப்படி அனுப்புவது? பானெட் நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். எலுமிச்சம்பழத்துக்குப் பதிலாகச் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு சுண்டைக்காய். பிளாஸ்டிக் ஆயிற்றே என்று கற்பூரத்தை மட்டும் தள்ளி நின்று காட்டினார். மூடிய பானெட்டுக்குள் இருக்கும் ஒயர் வரைக்கும் யோசிக்கிற அந்தத் தலை, பாக்கெட் சந்தனத்தில் சாயம் இருக்கும் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

காலையில் துடைத்தார். பொட்டு போனது. கண்ணாடிப் பூச்சு இல்லாத வெள்ளையில் ஊறிய மஞ்சள் போகவில்லை. தின்னர் தொட்டுத் தேய்த்தார், இன்னும் பரவிற்று. வெள்ளை பானெட்டின் நடுவில் கால் ரூபாய் அகலத்துக்கு ஒரு மஞ்சள் வட்டம்.

காரை எடுத்துப்போக நேரில் வந்திருந்த பூவரசன் குதித்தான். "இது காரு அண்ணி, கோயில் தேரு இல்ல! யாராச்சும் இதுக்குப் போய் பொட்டு வெப்பாங்களா?" வேறு கார் இல்லை. எடுத்துக்கொண்டு போனான். வாசலில் நின்று, "இந்தக் கறையோட உங்க பேர போட்டா உங்களுக்குத்தான அண்ணி கேவலம்? வேணாம், வுட்டுருங்க" என்றான். கோகிலவாணி தலையை ஆட்டினார். தப்பு தன்னுடையது என்று அவருக்குத் தெரியும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் ஜெயபிரியா செல்போனோடு ஓடிவந்தாள். சேலஞ்சருக்கு முதல் பரிசு. பூவரசன் கோப்பையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறான். நடுவர்கள் அந்த மஞ்சள் வட்டத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். அவன் கோப்பையை நெஞ்சோடு அணைத்துச் சொல்கிறான்: எங்கள் வீட்டுக்கு எந்த வண்டி வந்தாலும் அம்மாதான் தன் கையால் பொட்டு வைப்பார், அந்த நினைவுக்காகத்தான் யோசித்து யோசித்து இந்தக் கறையை உண்டாக்கினேன். கூட்டம் கை தட்டுகிறது.

"அத்தை செத்து ஒம்போது வருசம் ஆச்சி" என்றார் கோகிலவாணி. "இருந்தவரைக்கும் அவங்க வண்டிப் பக்கமே போனதில்ல. பெட்ரோலு நாத்தம் கொமட்டும் அவங்களுக்கு."

மகள் மறுபடி போட்டுக் காட்டவா என்றாள். வேண்டாம் என்றுவிட்டு அரிசி களையப் போனார். அன்றைக்கு அரிசியைத் தேவைக்குமேல் வெகுநேரம் களைந்தார்.

பூவரசன் அடுத்த மாதமே கூப்பிட்டான். கறையைப் பற்றிக் கோபமே இல்லை, குரலில் தேன் ஒழுகியது. "இனிமே எல்லாக் காருக்கும் அந்தப் பொட்டு வேணும் அண்ணி. அதுதான் என் அடையாளம்."

இந்த வருட ஆயுத பூஜைக்கு அவனே வந்து இறங்கினான், மூன்றுகால் ஸ்டாண்டும் விளக்குமாக. அரக்குச் சிவப்பில் ஒரு சார்ஜர் தயாராக இருந்தது. கோகிலவாணி வழக்கம்போலச் செய்து முடித்திருந்தார். வேலையில் ஒரு குறை வைக்கவில்லை, வைக்கவும் தெரியாது. வாசலில் குட்டியானைக்கு முன்னால் மணைபோட்டு, அதன்மேல் காரை வைத்து, செல்போனைப் பொருத்தினான். சென்னப்பன் சுற்றிப்போடப் பூசணிக்காயோடு நின்றார். ஜெயபிரியா சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் கொண்டுவந்து வைத்தாள்.

"கை மட்டும் வரட்டும் அண்ணி, மொகம் வேணாம்" என்றான் பூவரசன். "அந்தக் கண்ணாடி வளையல கழட்டிட்டு அம்மாவோட பழைய காப்பு இருக்குமே, அதப் போட்டுக்குங்க. வயசானவங்க கை மாதிரி தெரியணும். கொஞ்சம் நடுங்குனாப்புல வெச்சா இன்னும் நல்லாருக்கும்."

பதினோரு வருடம் போர்டிலும் ஆறு வருடம் காரிலும் நடுங்காத கை அது. கோகிலவாணி அவனைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் மாமியாரின் காப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சென்னப்பன் பூசணிக்காயைக் கை மாற்றிக்கொண்டார்.

பூவரசன் செல்போனுக்குள் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். "ஐயோ, அந்தக் கட்டவெரலு அண்ணி. நகத்துல செவப்புப் பெயின்ட்டு இருக்குது பாருங்க. அதத் தொடச்சிருங்க. பாக்கறவங்களுக்குத் தெரிஞ்சிரும்."

கோகிலவாணி நகத்தைப் பார்த்தார். ஜெயபிரியா தின்னர் புட்டியை எடுக்க எழுந்தாள். வேண்டாம் என்று கையமர்த்தினார். காப்பைக் கழற்றி மணையின் ஓரத்தில் வைத்தார். இடது கை கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ள, சிவப்பு நகம் விளிம்பில் பளிச்சென்று தெரிந்தது. மோதிர விரலில் சந்தனத்தைத் தொட்டார்.

"வீடியோ ஓடுது அண்ணி, வையுங்க" என்றான் பூவரசன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விரல் காரின் பானெட்டுக்கு மேலாக வந்தது. அங்கே நிற்கவில்லை. நேராகப் போய், செல்போனின் கேமரா கண்மேல் அழுத்தி, கொஞ்சமும் நடுங்காமல், வட்டமாக ஒரு பொட்டு வைத்தது. திரை முழுக்க மஞ்சளாயிற்று.

பிறகு சிமிழைத் திறந்து, சந்தனத்தின் மேல் குங்குமத்தையும் வைத்தார்.