மணலுக்கு நரம்பு கிடையாது

அலுவலகத்தில் அவளுக்குப் பேர் பஞ்சுக்கை. அதற்கு முன் பதினாறு வருடம் ஒரு மோட்டார் பட்டறையில் தலைமுடி கனமுள்ள செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தவள். கம்பி அறாமல் இருக்க வேண்டுமானால் விரல் அதைப் பிடிக்கக் கூடாது. தொட்டும் தொடாமலும் கூடவே போக வேண்டும். அந்த விரல்களுக்காகத்தான் இங்கே கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள்.

இங்கே தயாராவது பல் வைத்தியம் படிப்பவர்களுக்கான பயிற்சி இயந்திரம். திரையில் ஒரு வாய் எப்போதும் ‘ஆ’வென்று திறந்திருக்கும். கையில் பேனா மாதிரி ஒரு பிடி, அதன் பின்னால் மூன்று மோட்டார் வைத்த இரும்புக் கை. பேனாவை நகர்த்தித் திரையிலிருக்கும் பல்லைத் தொட்டால் மோட்டார் எதிர்த்துத் தள்ளும். நிஜப் பல்லில் முட்டிய மாதிரியே இருக்கும். எப்போது, எவ்வளவு தள்ளுவது என்று சொல்லும் கணக்கை எழுதுகிறவனை அவள் தம்பி என்பாள், அவன் அவளை அக்கா என்பான். நாள் முழுக்க இல்லாத பற்களைத் தொட்டுப் பார்த்து, இது சரி, இது சோப்பு மாதிரி இருக்கு என்று சொல்வது அவள் வேலை. “பல்லு தேய்க்கவா பஸ் பிடிச்சுப் போறே?” என்று வீட்டுக்காரர் கேட்காத வாரம் கிடையாது.

அந்தத் திங்கட்கிழமை புதுப் பல் வந்தது. இயந்திரத்தை வாங்கும் கல்லூரிக்காரர்கள் கேட்டபடி முன்னதைவிட மூன்று மடங்கு கெட்டி. அவள் பேனாவை மெல்லக் கொண்டுபோய் வைத்தாள். பல் உறுமியது. சத்தமாக இல்லை, விரல் நுனியில், வண்டு ஒன்றை உள்ளங்கையில் மூடி வைத்த மாதிரி.

“தம்பி, இது துடிக்குது.”

அவன் வந்து பேனாவை இறுக்கிப் பிடித்து அழுத்தினான். “எங்கக்கா? கல்லு மாதிரி இருக்கே.” திரையின் ஓரத்தைக் காட்டினான். அங்கே ஒரு பச்சை விளக்கு. “கணக்கு சரின்னு பச்சை எரியுது பாருங்க. பல்லுக்கு உசுரு இல்ல. நம்ம கை கொடுத்ததைத்தான் திருப்பிக் கொடுக்கலாம். அதுலயும் கொஞ்சம் குறைச்சுத்தான். கூட ஒரு துளி கொடுத்தாலும் கணக்கு தப்பு. கூடக் கொடுக்காம இருந்தா பாசிவ்னு சொல்லுவோம். அதைத்தான் ராத்திரி பகலா உக்காந்து சரிபார்த்திருக்கேன்.”

“அப்போ துடிக்கிறது எது?”

அவன் பார்வை பேனாவிலிருந்து நழுவி, ஒரு கணம், அவள் விரல்மேல் நின்றுவிட்டு விலகியதை அவள் பார்த்துவிட்டாள்.

அவளுடைய அம்மாவுக்கு ஐம்பது வயதில் கை நடுங்க ஆரம்பித்தது. கடைசியில் ரவிக்கைக் கொக்கி மாட்டவே ஆள் வேண்டியிருந்தது. அதை என்றோ ஒரு மத்தியானம் சாப்பிடும்போது தம்பியிடம் சொல்லித் தொலைத்திருந்தாள். அவளுக்கு இப்போது நாற்பத்தேழு.

செவ்வாய்க்கிழமை மேலாளர் கூப்பிட்டார். வழக்கமாக நிற்க வைத்தே பேசி அனுப்புகிறவர், அன்று நாற்காலியைக் காட்டினார். அதிலேயே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. “உடம்பெல்லாம் எப்படி இருக்கும்மா? வீட்ல யாருக்காவது… நரம்பு சம்பந்தமா?” தம்பிதான் இவர் காதில் ஊதியிருக்கிறான். வேறு யாருக்கும் தெரியாதே.

“சந்தேகம்னா சோதிச்சுப் பாருங்க சார். என்னை இல்ல, மெஷினை.”

சோதித்தார்கள். யோசனை தம்பியுடையது. கால் கிலோ மணலைத் துணிப் பையில் கட்டிப் பேனாவில் தொங்கவிட்டு, பல்லின்மேல் மெல்ல இறக்கினான். “மணலுக்கு நரம்பு கிடையாது. இது துடிச்சா தப்பு என் மேல.”

பை பல்லில் உட்கார்ந்தது. ஒரு அசைவு, அவ்வளவுதான், அடங்கிவிட்டது. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மேலாளர் ரொம்ப மரியாதையாக, “வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு டாக்டர் சர்டிஃபிகேட் குடுத்துடுங்கம்மா” என்றார். அது இல்லாவிட்டால் அவளுக்கு அங்கே என்ன வேலை? கையை நம்ப முடியாத இடத்தில் பஞ்சுக்கைக்கு என்ன இடம்?

வீட்டில் கதவைத் திறந்ததிலிருந்து அவள் எல்லாவற்றையும் நோட்டம் விட்டாள். வீட்டுக்காரர் டீ போட்டு நீட்டினார். டம்ளரில் முக்கால்தான் இருந்தது. நேற்றும் முக்கால்தான் இருந்ததோ?

“ஏன் குறைச்சு ஊத்துறீங்க?”

“சர்க்கரையைக் குறைக்கச் சொன்னே. நான் டீயையே குறைச்சிட்டேன்.”

சிரித்தார். சிரிக்கும்போது அவர் கண் எங்கே போகிறது என்று பார்த்தாள். டம்ளருக்கும் அவள் மணிக்கட்டுக்கும் நடுவில் எங்கோ.

அவர் வெளியே போனதும் சமையலறையில் தனியாக நின்று ஊசியில் நூல் கோத்தாள். முதல் தடவையே போயிற்று. இன்னொரு ஊசி, அதிலும் போயிற்று. ஒரு கரண்டியில் விளிம்புவரை தண்ணீர் எடுத்து, மாவு டப்பாவுக்கு மேல் நீட்டிப் பிடித்து நூறு எண்ணினாள். தொண்ணூறு வரைக்கும் தண்ணீரின் தோல்கூட அசையவில்லை. தொண்ணூற்றொன்றில் வாசல் கேட் கிரீச்சிட, திடுக்கிட்டுக் கரண்டியை விட்டுவிட்டாள். அது மாவில் பொத்தென்று விழுந்து அப்படியே கிடந்தது. துள்ளவில்லை, சத்தமில்லை. எடுத்துக் கழுவும்போது வழுக்கி எவர்சில்வர் தட்டில் விழுந்ததே, அது கணகணவென்று ஆடி, அடங்குவேனா என்றது.

அவள் மாவு டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்ன, மாவுல ஜோசியம் பாக்குறியா?” என்றார் வீட்டுக்காரர் பின்னாலிருந்து.

“மாவு எல்லாத்தையும் முழுங்கிடுது” என்றாள். “மணலும் அப்படித்தான்.”

மறுநாள் மகளுடைய ஜாமெட்ரி பெட்டியிலிருந்து எவர்சில்வர் ஸ்கேல் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். தம்பி வருவதற்கு முன் அதன் ஒரு முனையை மேஜையோடு கிளாம்ப் போட்டு இறுக்கினாள். மறுமுனையைப் பேனாவோடு நூலால் கட்டினாள். அவன் வந்து தோள்பையைக் கழற்றக்கூட இல்லை, அதற்குள் கூப்பிட்டாள்.

“தம்பி, ஸ்கேலுக்கு நரம்பு உண்டா?”

“என்னக்கா காலங்காத்தால?”

“உண்டா இல்லியா?”

“இல்லக்கா.”

“சாரையும் கூப்பிடு.”

மேலாளர் டீயோடு வந்து நின்றார். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, “நீயே தொட வை” என்றாள். தம்பி ஸ்கேலை வளைத்துப் பேனா முனை பல்லைத் தொடும்படி விட்டான். முதலில் ஒரு முனகல். பிறகு ஸ்கேலின் விளிம்பு கண்ணுக்கு மங்கலாகிவிட்டது. உறுமல் வளர்ந்து, மேஜையிலிருந்த பென்சில்கள் நடந்து போக ஆரம்பித்தன. அளவு மீறியதும் மோட்டார் தானாகவே படக்கென்று அணைந்தது. அணையும் வரைக்கும் திரை ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

தம்பி குனிந்து திரையையும் ஸ்கேலையும் மாறி மாறிப் பார்த்தான். “எப்படி… கணக்குல ஒரு இடத்துலகூட மிஞ்சலையே.”

“என் விரல் சொல்றதைக் கேளு. உள்ளே போறப்ப உன் பல்லு அசந்து எதிர்க்குது. வெளிய வர்றப்ப சட்டுனு விட மாட்டேங்குது. வாசல் வரைக்கும் வந்து தள்ளி விட்டுட்டுப் போகுது.”

அவன் சற்று நேரம் அவள் விரலையே பார்த்தான். இந்த முறை வேறு மாதிரிப் பார்வை. “தாமதம்…” என்றான். “நான் காகிதத்துல சரிபார்த்தேன்க்கா. அங்க நேரம் தண்ணி மாதிரி ஓடுது. மெஷின்ல சொட்டுச் சொட்டா விழுது. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவுல மோட்டார் பழைய பலத்தையே பிடிச்சுக்கிட்டு நிக்குது. உள்ள போறப்ப குறைச்சு வாங்கி, வெளிய வர்றப்ப கூடக் கொடுக்குது. பல்லு கெட்டியாக ஆக அந்த மிச்சமும் கூடும். இறுக்கிப் பிடிச்சா கை அதை முழுங்கிடும். மணலும் முழுங்கிடுச்சு.”

“உன் பச்சை விளக்கு காகிதத்துக்கு எரியுது, மெஷினுக்கு இல்ல.”

மேலாளர் டீயை ஆற விட்டுவிட்டார். “சர்டிஃபிகேட்டெல்லாம் வேணாம்மா” என்றார்.

“என் வீட்டு விஷயம் உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?” என்று கேட்டாள். அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி கிளாம்பைக் கழற்றுவதில் மும்முரமானான். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. மறக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை தம்பி மாற்றி எழுதியதைக் கொண்டுவந்தான். ஒவ்வொரு சொட்டிலும் போனது வந்தது எவ்வளவு என்று இயந்திரத்திலேயே கூட்டிப் பார்த்து, மிஞ்சுவதை உறிஞ்சிவிடுகிற கணக்கு. பல் கொஞ்சம் மெத்தென்றாகியிருந்தது. பச்சை எரிந்தது. அவள் விளக்கைப் பார்க்கவில்லை. ஸ்கேலைக் கட்டி ஒரு மணி நேரம் விட்டு, பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தாள். வண்டு இல்லை. அப்புறம்தான் பல் சரி என்று கையெழுத்துப் போட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் அடுப்பு பக்கம் போகும் முன்பே அவள் போய் நின்றுகொண்டாள். டீயை டம்ளரின் விளிம்புவரை ஊற்றினாள், மேலே பொங்கி நிற்கிற மாதிரி. அதை ஏந்திக்கொண்டு சமையலறையிலிருந்து கூடத்துக்கு, அவர் நாற்காலி வரைக்கும் நடந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

அவர் செய்தித்தாளைத்தான் படித்துக்கொண்டிருந்தார். ஆனால் அவள் கடைசி அடி வைக்கும் வரைக்கும் ஒரு பக்கம்கூடப் புரட்டாமல், ஓரக்கண்ணால் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை அவள் கவனித்தாள்.