மருந்துக்கடை பாய் கேட்ட கேள்வி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். பேனாவை எடுப்பேன். திருநீற்றைப் பற்றி நான் ஒன்று சொல்ல, படிக்கிறவர்கள் வேறொன்றாக எடுத்துக்கொண்டால் பாவம் யாருக்கு என்று திரும்ப வைத்துவிடுவேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவனும் இல்லை. விசுவநாதர் சந்நிதியில் நின்று உத்தரவு கேட்டுக்கொண்டுதான் இப்போது ஆரம்பிக்கிறேன்.

அப்போதெல்லாம் தென்காசியில் எங்களைப் போன்றவர்களுக்கு டாக்டர் என்றால் பயம். ஆஸ்பத்திரியில் காலை முழுக்க வரிசையில் நிற்கவேண்டும். டாக்டர் நிமிர்ந்து பார்த்ததும் சொல்ல வந்தது மறந்துபோகும். ரதவீதி மருந்துக்கடையில் அந்தத் தொல்லை கிடையாது. கடைக்காரர் முன்பு ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர். பாய் என்றுதான் கூப்பிடுவோம். வெறும் சீசாவைக் கொடுத்து, நின்றபடியே நோவைச் சொன்னால் மருந்து கலக்கி ஊற்றித் தருவார். பக்கத்தில் நிற்கிறவர்களும் நம் வயிற்றைப் பற்றி ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பெண்கள் அங்கே வருவதில்லை. அவர்கள் நோவையும் நாங்கள்தான் போய்ச் சொல்வோம்.

இரண்டாவது பிள்ளை பிறந்து ஒரு வருஷம் இருக்கும். என் மனைவிக்கு ஓயாத களைப்பு. பாய் கொடுத்த டானிக் இரண்டு சீசா தீர்ந்தும் குணமில்லை. சாரல் சமயத்தில் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனேன். அருவிக்கரையிலிருந்து கோயில் வாசலுக்கு நடப்பதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். இவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று அன்றுதான் எனக்குப் பயம் பிடித்தது.

மறுநாள் கடைக்குப் போனேன்.

"மொகம் வெளுத்திருக்கா?" என்று கேட்டார் பாய்.

"அவ நெறமே அப்படித்தான்."

தலைவலி மாத்திரைக்கு நின்ற ஒருவர், "பொண்டாட்டி நெறத்துல பெருமை வேறயா அண்ணாச்சிக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை.

"சோறு தவிர வேற என்னமும் திங்குதாகளா? அரிசி, மண்ணு, சாம்பல்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க வீட்டுல அந்தப் பழக்கமெல்லாம் கெடையாது பாய். அவ சாமிக்குப் பயந்தவ. திருநீறக்கூட நெத்தியில பூசுனதோட விடமாட்டா. வாயிலயும் போட்டுக்கிடுவா."

"எம்புட்டு?"

"அவ பக்திக்கு அளவு உண்டா? கிண்ணம் நெறைய வச்சா ரெண்டு நாளைக்கு வராது."

பாய் கையிலிருந்த சீசாவைக் கீழே வைத்தார். மற்றவர்கள் காதில் விழாதபடி குனிந்து சொன்னார்: "இத நான் சொன்னா நல்லாருக்காது அண்ணாச்சி. நீங்களே வீட்டுல கேளுங்க. சாமிக்காகத் திங்காகளா, வாய் கேக்குதுன்னு திங்காகளா? வாய்க்குன்னு சொன்னா நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. எங்கிட்ட வராதீக. இதுக்கு நான் மருந்து தரமாட்டேன்."

வெறும் சீசாவோடு திரும்பினேன். நம் திருநீற்றைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று ஒரு பக்கம் கோபம். அவளைக் கண்ணால் பார்க்காத மனுஷன் இப்படி ஒரு கேள்வியை எங்கிருந்து பிடித்தார் என்று இன்னொரு பக்கம் ஆச்சரியம்.

வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். முறத்தை வைத்துவிட்டு அழுதாள்.

"வாய் கேக்குதுங்க. மழை பெஞ்ச மண்ணு வாசம் வந்தா மனசு நிக்கமாட்டேங்குது. மண்ணுக்கு இது மேலுன்னு தின்னேன். தெனமும் சாமிகிட்ட மன்னிப்புக் கேக்கேன். உங்ககிட்ட எப்படிச் சொல்ல? நீங்க ஊரெல்லாம் என் பக்தியையில்லா சொல்லிட்டுத் திரியுதீக."

மறுநாள் விடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் மிகவும் குறைந்திருக்கிறது, வயிற்றில் புழு இருக்கிறது, அதனால்தான் இந்த ஆசை என்றார். "இது கெட்ட பழக்கம் இல்லம்மா, நோய்தான்" என்று அவளிடமே சொன்னார். அதைக் கேட்டதும் அவள் விட்ட மூச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. புழுவுக்கு மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே தண்ணீர் எடுத்தாள். திருநீறு நெற்றியோடு நின்றது.

எப்படித் தெரிந்தது என்று பாயிடம் கேட்டேன்.

"என் வீட்டுக்காரி சிலேட்டுக் குச்சியா தின்னு தீத்தா. பிள்ளைக தொலைக்குதுன்னு நான் பிள்ளைகளை அடிச்சேன். ஒரு வருஷம் என் கையாலேயே டானிக் கலக்கிக் குடுத்துக்கிட்டிருந்தேன். டாக்டரய்யா பாத்த பொறவுல்லா தெரிஞ்சுது" என்றார்.

இதற்குள் ஊரில் கதை வேறாகிவிட்டது. திருநீறு தின்றதால் நோய் வந்தது என்றார்கள். பாய் திருநீற்றை விடச் சொன்னார் என்றார்கள். சாமியே பாய் உருவத்தில் வந்தது என்றும் ஒருவர் சொன்னார். அதை மறுக்க எனக்கு மனசில்லை. ஆனாலும் நடந்தது அதுவல்ல.

முதலில் வந்தது நோய். அது மண்ணைக் கேட்டது, அவள் திருநீற்றைத் தின்றாள். பாய் கேட்டார், டாக்டர் குணப்படுத்தினார். இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லவேண்டும். சொல்லும்போது எதையும் கூட்டவோ குறைக்கவோ செய்யாமல், நான் எழுதியபடியே சொல்லுங்கள். எந்த வீட்டிலாவது ஒருத்தி ஒளித்து வைத்து எதையாவது தின்றுகொண்டு, சாமியிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பாள்.