சிரப்பில் சர்க்கரை இருக்கிறதாம்

என் வீட்டுக்காரருக்கு உடம்பில் பொட்டாசியம் நிற்காது. இதயம் பலவீனம், காலில் நீர் கோத்துக்கொள்கிறது என்று டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். அது நீரை வெளியே தள்ளும்போது பொட்டாசியத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. குறைந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், நெஞ்சு படபடக்கும். "அலட்சியமா விட்டா இதயத் துடிப்பே தப்பிடும்மா" என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். என்னமோ பொட்டாசியத்தை நான் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிற மாதிரி!

இளநீர், வாழைப்பழம், சாத்துக்குடி, கீரை. கூடவே தண்ணீரில் கலந்து குடிக்க ஒரு பொட்டாசியம் சிரப். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மனிதருக்குச் சர்க்கரையும் இருக்கிறதே! "அளவா கொடுங்க" என்றார் டாக்டர். பாதிப் பழத்தை நறுக்கித் தட்டில் வைத்தால், விஷத்தைப் பார்ப்பது போல் பார்ப்பார். இவருக்குப் பயமெல்லாம் இன்சுலின் ஊசிதான். இவர் அண்ணனுக்கு ஊசி ஆரம்பித்த பிறகு கால் விரலை எடுத்தார்கள். அது ஊசியால் இல்லை என்று யார் சொல்லியும் மண்டையில் ஏறவில்லை.

கணக்கு வாத்தியாராக இருந்தவர். பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் புத்தகத்தைத் தொடுகிற பிள்ளைகளைத் திட்டித் திட்டியே தொண்டை கட்டிக்கொண்டவர். ரிட்டயர் ஆனதும் தானே அப்படி ஆகிவிட்டார். ரத்தப் பரிசோதனைக்கு நாள் குறித்தால் போதும், ரெண்டு மூன்று நாள் முன்பிருந்தே அரைப் பட்டினி. ஒரு கரண்டி மோர் சாதம், கொஞ்சம் வெள்ளரிக்காய். ரிப்போர்ட்டில் சர்க்கரை ஒழுங்காக வரும். டாக்டர் "வெரி குட் சார்" என்பார். அப்போது இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற டெஸ்டை மட்டும், "அடுத்த தடவை பாத்துக்கலாம் டாக்டர்" என்று நழுவிவிடுவார். எங்கள் அஸ்தினாபுரத்தில் இவரோடு வாக்கிங் போகிற பெரிசுகள் பாதிப் பேர் இப்படித்தான். ஒருவருக்கொருவர் யோசனை வேறு.

இந்தத் தடவை சிரப்பையும் நிறுத்தியிருக்கிறார். டெஸ்டுக்கு முந்தின சாயங்காலம்தான் எனக்குத் தெரிந்தது.

"ஏங்க, சிரப் குடிக்கலையா?"

"அது இனிக்குதுடி. சிரப்புன்னா சர்க்கரைப் பாகுதானே? நாளைக்கு டெஸ்ட் முடியட்டும், குடிக்கறேன்."

நீர் மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் போட்டிருக்கிறார். கையைப் பிடித்துத் தெருமுனை இளநீர் வண்டிக்கு இழுத்துக்கொண்டு போனேன். வண்டிக்காரர் சீவியே கொடுத்துவிட்டார்.

"இன்னா சார், அக்கா இவ்ளோ சொல்லுது. ஒரு வாய் குட்ச்சிட்டுதான் போயேன்."

"நாளைக்கு வரேன்பா" என்று திரும்பி நடந்துவிட்டார். நான் அந்த இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றேன்.

மறுநாள் காலை லேப் வாசற்படியில் இவருடைய கால்கள் துவண்டன. பிடிப்பதற்குள் உட்கார்ந்துவிட்டார். எழுப்பினால் எழ முடியவில்லை. லேப் பையனும் நானுமாக ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தது. பொட்டாசியத்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். "எரியுதுடி, கை எரியுதுடி" என்று துடித்தார். சீக்கிரம் ஏற்றி முடிக்கக் கூடாதா என்று நர்ஸிடம் கெஞ்சினேன்.

"வேகமா விட்டா ஹார்ட்டுக்கே ஆபத்தும்மா. மெதுவாத்தான் போகணும்."

பழமாகவும் கீரையாகவும் நான் கொடுத்ததை வேண்டாம் என்றவருக்கு, அதே பொட்டாசியம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. அங்கிருந்த டாக்டரிடம் பட்டினி, சிரப் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த டாக்டர் முதலில் எழுதியதே மூன்று மாதச் சர்க்கரை டெஸ்ட்தான். எக்கச்சக்கமாக வந்தது. இனி இன்சுலின் என்று சொல்லிவிட்டார்கள். ஊசி போட்டால் கட்டாயம் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கி ஆளே மயங்கிவிடும் என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்கள். மறுபடியும் என்னிடம்தான்!

வீட்டில் முதல் ஊசியை நான்தான் போட்டேன். சட்டையைத் தூக்கிக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தார். ஊசியை எடுத்ததும் இட்லித் தட்டை முன்னால் வைத்தேன். அவர் தட்டைத் தொடவில்லை. ஏதோ கணக்குப் போடுகிற முகம்.

"மூணு மாசச் சராசரின்னா, மூணு மாசமும் குறைச்சுக்கணும், இல்லையா?" என்று கேட்டுவிட்டு, தட்டை என் பக்கம் தள்ளினார். "ஒண்ணே ஒண்ணு போதும். மீதியை எடுத்துடு."

மருந்து உள்ளே போய்விட்டது. அதைத் திரும்ப எடுக்க முடியாது. "சாப்பிடுங்க" என்றேன். தட்டை மறுபடியும் அவர் பக்கம் தள்ளிவிட்டு அழ ஆரம்பித்தேன்.