அப்டேட்டும் சுதாவின் இண்டர்வியூவும்

இன்று காலை என் மனைவி சுதாவுக்கு ஆன்லைன் இண்டர்வியூ. கம்ப்யூட்டர் கோளாறுகளுக்குப் போனில் வழி சொல்லும் வேலை.

அதற்குள் கம்ப்யூட்டரைத் தயார்செய்து வைப்போமே என்று நான் அப்டேட் போட்டேன். குன்னூர் மழைக்குப் பாதியில் கரண்ட் போனது.

கரண்ட் வந்ததும், "அப்டேட் தோல்வி. மாற்றங்கள் நீக்கப்படுகின்றன. அணைக்க வேண்டாம்" என்றது திரை.

அணைத்தேன். மறுபடி போட்டால் அதே வாசகம். மறுபடியும் அணைத்தேன்.

"ஏனுங்க, இனி அதைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, சுதா செல்போனை ஜன்னலில் சாய்த்துவைத்து இண்டர்வியூவுக்கு உட்கார்ந்தாள். முகம் வெளிறியிருந்தது.

இண்டர்வியூ எடுத்த அம்மா கேட்டார்: "அப்டேட் பாதியில நின்னுபோச்சுன்னு ஒருத்தர் பதறினா என்ன சொல்வீங்க?"

சுதா என்னைப் பார்த்தாள்.

"அணைக்காமப் பொறுமையா இருக்கச் சொல்வேனுங்க. கேக்கலீன்னா, ஊட்டுல வேற யாராச்சும் இருந்தா போனைக் குடுக்கச் சொல்வேனுங்க."

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். வேலை கிடைத்துவிட்டது.

கம்ப்யூட்டர் இன்னும் மாற்றங்களை நீக்கிக்கொண்டிருக்கிறது. "கொஞ்சம் பாரேன்" என்றேன்.

"திங்கக்கெழமைதானுங்க வேலைக்குச் சேர்றேன். அப்பறமா போன் பண்ணுங்க."

ஒரே வீட்டிலிருந்து கூப்பிட்டாலும் வரிசையில்தான் காத்திருக்க வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.