வேகப்பந்து என்று எழுதிக் கொடுத்தேன்

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும் என்று அம்மா சொல்வார். இருக்கட்டும். அந்தக் கோபத்தை ஐந்து வருடம் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒரு கவுண்டி கிரிக்கெட் அணிக்காக விளையாடியவள் நான். இனி அதை வெளியே எடுத்தால் யாருக்கு என்ன நட்டம்?

நான் வேகப்பந்து வீச்சாளர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் கிரிக்கெட்டைத் தொழிலாகச் செய்த அந்த ஐந்து வருடமும் இதைச் சொல்ல எனக்கு இடம் கிடைக்கவில்லை. ஏழு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்து, நகரின் தெற்கே மிட்சம் என்ற பகுதியில் குடியேறினோம். நகரசபை வாடகைக்குக் கொடுத்த கவுன்சில் வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடத்தில், டென்னிஸ் பந்துக்குக் கறுப்பு டேப் சுற்றி, ஓடி வந்து போடுவேன். பஸ் ஓட்டும் அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, யூனிஃபோர்மைக்கூடக் கழற்றாமல் நின்று பிடிப்பார். ஒருநாள் பந்து பட்டு அவருடைய பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. அடுத்த நாள் டிப்போவில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அந்த விரலைத் தூக்கிக் காட்டி, மகள் போட்ட பந்து என்று சொல்லித் திரிந்திருக்கிறார்.

பத்தொன்பது வயதில் கவுண்டி தேர்வுக்குப் போனேன். படிவத்தில் 'வலது கை, வேகப்பந்து' என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். கோச் உயரமான, மென்மையாகப் பேசுகிற வெள்ளைக்காரர். படிவத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படிவத்தைப் பார்த்தார்.

"சுழற்பந்து போட்டிருக்கிறாயா?" என்று கேட்டார். "உங்கள் ஆட்களுடைய மணிக்கட்டே தனி."

என் மணிக்கட்டு ஒரு சாதாரண மணிக்கட்டு. ட்ராமைப் பிடிக்க ஓடி விழுந்து அதை ஒருமுறை உடைத்தும் இருக்கிறேன். பக்கத்துப் பயிற்சி வலையில் என்னைவிடக் குள்ளமான ஓர் ஆங்கிலப் பெண் வேகமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய மணிக்கட்டை யாரும் விசாரிக்கவில்லை. அவள் முன்னோர் என்ன போட்டார்கள் என்றும் கேட்கவில்லை.

நான் என்ன செய்தேன்? தலையாட்டினேன். என் கோபத்தில் பாதி என் மேலேயே இருப்பது இதனால்தான். எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. படிவம் நிரப்புகிறவரோடு வாதாடுவதில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஓர் அதிகாரி, அப்பாவின் பெயரையும் அவருடைய அப்பாவின் பெயரையும் இடம் மாற்றி எழுதிவிட்டார். அப்பா "ஓகே, ஓகே" என்று சொல்லிவிட்டு வந்தார். இன்றைக்கும் டிப்போவில் எல்லோரும் அவரை என் தாத்தாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். செத்துப்போன மனிதரின் பெயருக்கு இவர் பதினைந்து வருடத்துக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறார். அந்த ஓகேயைத்தான் நானும் அன்றைக்குச் சொன்னேன். ஆறு பந்துகளை மெதுவாகச் சுழற்றிப் போட்டேன். ஒப்பந்தம் கிடைத்தது.

வீட்டில் கேக் வெட்டினோம். மகள் புரொபெஷனல் ஆகிவிட்டாள் என்று அம்மா சட்டனில் இருக்கும் சித்தி வரைக்கும் போன் போட்டுச் சொன்னார். என்ன பந்து போடப் போகிறேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதன் பிறகு ஐந்து கோடைகாலம் சுழற்பந்து. நன்றாகப் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். சுமாராகப் போட்டேன். பதினொருவரில் ஒருத்தியாக இறங்கிய நாட்களைவிட, மைதானத்துக்குள் தண்ணீர்ப் போத்தல் கொண்டு ஓடிய நாட்கள்தான் அதிகம். ஒருமுறை மூன்று விக்கெட் எடுத்தபோது, கீழைத்தேய மர்மம் நிறைந்த பந்துவீச்சு என்று அணியின் இணையப் பக்கத்தில் எழுதினார்கள். என் பந்தில் ஒரு மர்மமும் இல்லை. அது திரும்ப மறுத்து நேராகப் போனது, அவ்வளவுதான்.

வேகமாகப் போட்டுக் காட்டட்டுமா என்று கோச்சிடம் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் என் தோளில் தட்டி, "இன்னொரு நாள் பார்ப்போம்" என்றார். காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் உள்ளரங்க வலைக்குப் போய், ஆளில்லாத ஸ்டம்புக்கு என் பந்துகளைப் போட்டுவிட்டு, அவர்கள் வரும்போது சுழற்பந்துக்காரியாக நிற்பேன். சொந்த வீட்டில் திருடுவது போலிருந்தது.

போன செப்டெம்பரில் அறைக்குக் கூப்பிட்டு, பத்து நிமிடத்தில் முடித்தார்கள். சுழற்பந்தில் எதிர்பார்த்த வளர்ச்சி இல்லையாம். ஆகவே என்னை 'ரிலீஸ்' செய்கிறார்களாம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் அனுப்புவதற்குக் கவுண்டி கிரிக்கெட்டில் அந்த வார்த்தைதான் வழக்கம்.

வீட்டுக்கு வந்தேன். அப்பா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, என்னை ரிலீஸ் பண்ணிப்போட்டினம்."

அவர் கத்தியை வைத்துவிட்டு இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்தார். "விட்டிட்டினமோ? நல்லது பிள்ளை, நல்லது. கிழமைக்கொருக்காப் போய்க் கையெழுத்து வைக்கோணுமோ?"

அப்பா இளவயதில் பதினொரு மாதம் தடுப்புமுகாமில் இருந்தவர். அவருக்குத் தெரிந்த ரிலீஸ் அது ஒன்றுதான். ஏதோ சிக்கலில் என்னைப் பிடித்து வைத்திருந்திருக்கிறார்கள், நான் அவருக்குச் சொல்லாமல் மறைத்திருக்கிறேன், இப்போது தப்பி வந்துவிட்டேன் என்று அந்த ஒரு நொடியில் அவர் முழுக் கதையும் கட்டிவிட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒருத்தியை வேலையிலிருந்து துரத்துவதற்கு விடுதலை என்று பெயர் வைத்த மகான் யார்? அவர் ஒருநாளாவது எங்கேயாவது அடைபட்டுக் கிடந்திருப்பாரா?

விளக்கிச் சொன்னேன். படிவத்தில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா மிச்ச வெங்காயத்தையும் வெட்டி முடித்துவிட்டுக் கேட்டார்.

"காரணம் கேட்டனியோ?"

"இல்லை."

"முகாமிலயிருந்து விடேக்கை ஒருத்தரும் காரணம் கேக்கிறேல்லை. ஓடி வந்திடோணும். இது துரத்தினது. துரத்தினா நிண்டு கேக்கத்தான் வேணும்."

கடைசிப் பத்திரங்களை முடிக்க அடுத்த வாரம் போனபோது, கலியாண வீடுகளுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு அப்பாவும் வந்தார். கோச் தேநீர் கொடுத்து, உங்கள் மகளோடு வேலை செய்தது பெரிய சந்தோஷம் என்றார். பதினைந்து வருடம் லண்டனில் பஸ் ஓட்டியவருக்கு அந்த ஆங்கிலம் நன்றாகவே விளங்கும். ஆனாலும் அவர் என் பக்கம் திரும்பித் தமிழில்தான் பேசினார்.

"வேகமாப் போடுற பிள்ளையை ஏன் மெதுவாப் போட விட்டவையெண்டு கேள்."

சின்ன வயதிலிருந்து ஆஸ்பத்திரியிலும் கவுன்சிலிலும் அப்பாவுக்காக மொழிபெயர்த்தவள் நான். அவர் கோபமாகச் சொன்னதையெல்லாம் பூசி மெழுகி, நன்றி சேர்த்து, சிரித்துக்கொண்டு ஆங்கிலத்தில் கொடுத்திருக்கிறேன். இந்த முறை பூசவில்லை. அப்படியே கேட்டேன்.

கோச் திகைத்துப்போனார். நடிப்பில்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. நேர்மையாக யோசித்து, நேர்மையாகப் பதில் சொன்னார். "உண்மையைச் சொன்னால், அவள் வேகமாகப் போட்டு நான் பார்த்ததே இல்லை."

"என்னவாம்?" என்றார் அப்பா.

"நான் வேகமாப் போட்டதை அவர் ஒருநாளும் பாக்கேல்லையாம்."

"அஞ்சு வருசத்திலயுமோ?"

அதையும் கோச்சுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் குனிந்து தன் தேநீரைப் பார்த்தார். கேட்கவில்லையோ என்னவோ என்று, இன்னும் கொஞ்சம் சத்தமாக, அதையே இன்னொருமுறை சொன்னேன்.